முப்பத்தொன்பதாவது வளைவு

கடலுக்கு அடியில் நாற்பது மீட்டர் ஆழத்தில், ஒரு ஊருக்கே காற்று கொடுக்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கித்தேரி கொட்டாவி விட்டாள். சும்மா ஒப்புக்கு விட்டாளா என்றால் இல்லை. வாயை ஆவென்று பிளந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, தாடை கழன்று விழாத குறையாக விட்டாள். மற்ற ஊர்களில் இதெல்லாம் ஒரு செய்தியே கிடையாது. அடித்துறை என்கிற இந்த ஊரில் இது அபாயச் சங்கு ஊத வேண்டிய விஷயம்.

கொட்டாவி முடிவதற்குள் திரையின் மேல் ஓரத்தில் இருந்த எண் நாற்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறுக்கு இறங்கியது. ஊரின் பத்துச் சந்துகளிலும் தொங்குகிற பலகைகளில் அதே எண் அப்படியே இறங்கியது. உடனே சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் ஊர்க்காரர் யாரோ அலறினார்.

"ஏட்டி கித்தேரி! முழிச்சிருக்கியா, இல்ல செத்துட்டியா?"

"முழிச்சித்தான் இருக்கேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க!"

சொல்லிவிட்டு மடியில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து நறுக்கென்று கடித்தாள். காது வழியாகப் புகை வந்தது. நாடி குதித்தது. எண் ஏறி நாற்பத்தைந்தில் நின்றது. இன்றைக்கு இது நான்காவது மிளகாய், மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. இரண்டு மாதமாக இதுதான் அவள் பிழைப்பு. ஒருத்தருக்கும் தெரியாது.

எதிரே திரையில் ஒரு லாரி மலை ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாயிரம் முட்டை ஏற்றிய லாரி. மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முட்டை உடைந்தால் ஓரத்திலிருந்து ஒரு கோழி எட்டிப் பார்த்து இறக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு திட்டும். கித்தேரி பிறந்து வளர்ந்தது எல்லாம் மன்னார் வளைகுடாவின் அடியில். நாற்பத்திரண்டு வயதில் அவள் ஒரு மலையையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அந்த லாரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாள். அதுதான் பிரச்சினையே.

பன்னிரண்டாவது வளைவில் இருந்தபோது கதவு திறந்தது. தோளில் பையும் முகத்தில் பீதியுமாக ஒரு மனிதன் நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். மேலேயிருந்து வருகிற இரும்புக் கூண்டில் இறங்கியதில் அவனுக்குக் காது அடைத்திருந்தது. அதனால் அடித்தொண்டையில் கத்தினான்.

"வணக்கமுங்க! நான் செங்கோட்டுவேலு! காலாவதி மென்பொருள் ஆய்வுத் துறையிலிருந்து வர்றனுங்க!"

"ஊருக்கே கேட்டுட்டு சார். மூக்கைப் பிடிச்சிக்கிட்டு எச்சிலை முழுங்குங்க, காது தொறக்கும்."

அவன் அப்படியே செய்தான். காது திறந்ததும் தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டான். பிறகு அதிகாரி என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தான்.

"நீங்க எந்திரிக்க மாட்டீங்களா?"

"எந்திரிக்க முடியாது சார். எந்திரிச்சா ஊரு போயிரும். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

செங்கோட்டுவேலு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தான். இந்த இயந்திரத்தை ஓட்டும் இயங்குதளத்தின் பெயர் 'கவனம் ஆறு'. அதைத் தயாரித்த கம்பெனியை மூடிப் பதினாறு வருஷம் ஆகிறது. புதுப்பிப்பு கிடையாது, பழுது பார்க்க ஆள் கிடையாது, கையேடுகூட இவன் அலுவலகத்தில் இல்லை. இந்த நிலையில் அதன் மேல் ஒரு விளையாட்டு ஓடுவதாகப் புகார் வந்திருக்கிறது. "அதை நீக்கிப் போட்டு..." என்று வாசித்துக்கொண்டே நிமிர்ந்தவன் திரையைப் பார்த்தான். வாசிப்பு நின்றது.

"ஏனுங்க, அது லாரிங்களா?"

"முட்டை லாரி."

"நானூறு பேருக்கு மூச்சு விடற மிசின்ல லாரி ஓட்டிட்டு இருக்கறீங்களா!"

"நானூத்திப் பன்னெண்டு பேரு. உக்காருங்க, சொல்லுதேன்." லாரி பதின்மூன்றாவது வளைவில் திரும்பியது. "அந்தக் காலத்துல எங்கயோ ஒரு பெரிய ஆலையில காவலுக்கு இருந்த ஆளு தூங்கிப் போயி விபத்தாயிட்டாம். ஒடனே இந்தக் கம்பெனிக்காரனுக்குப் புத்தி பொங்கிட்டு. திரைக்கு மேல ஒரு கண்ணு வச்சிருக்கான் பாத்தீயளா? அது என் முழியப் பாக்கும். இந்தக் கைப்பிடித் தகடு நாடியப் பாக்கும். உக்காந்திருக்கவன் கவனமா இருக்கானான்னு மிசினுக்குத் தெரிஞ்சிக்கிட்டே இருக்கணும். எண்ணு முப்பதுக்குக் கீழ எறங்கி பத்து நிமிஷம் அப்பிடியே கெடந்துச்சோ, இங்கன ஆளே இல்லன்னு முடிவு கட்டி மிசினு தூங்கிரும். தூங்கின மிசின எழுப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப எல்லாரும் செத்துப் போயிருவீங்களா?"

"சே, அதெல்லாம் இல்ல. எல்லாருக்கும் காத்து முகமூடி இருக்கு, ஆறு மணி நேரம் தாங்கும். மேல ஏறிப் போயிரலாம். ஆனா திரும்பி வாரதுக்கு ஊரு இருக்காது சார்."

"சரிங்க, கவனமா இருக்கோணும், அவ்வளவுதானுங்க? காத்து எப்படி ஓடுதுன்னு பாத்துட்டு உக்காந்தா ஆச்சு. லாரி எதுக்குங்க?"

கித்தேரி பக்கத்துத் திரையைக் காட்டினாள். அதில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாகப் போய்க்கொண்டிருந்தது. ஏறாது, இறங்காது, நேராகப் போய்க்கொண்டே இருக்கும். செங்கோட்டுவேலு கையைக் கட்டிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தான். இருபது விநாடி ஆயிற்று. அரசாங்க அதிகாரி அடக்க முடியாமல் கொட்டாவி விட்டான்.

"அதுக்குத்தான் லாரி," என்றாள் கித்தேரி. "இந்த மிசினு வந்த மொதல் வருஷமே எல்லாரும் அந்தக் கோட்டைப் பாத்துத் தூங்கி விழ ஆரம்பிச்சாச்சு. பெரிய திரையில எதையாவது தொட்டா மிசினு கெட்டுரும்னு ஒருத்தரும் அதைப் படிச்சுக்கூடப் பாக்கல்ல. எங்க தொம்மை மாமாதான் அப்ப மிசின்ல இருந்தாவ. கடல்ல முங்குறதுல கெட்டிக்காரரு, கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாது. ஏதேதோ படங்களைத் தட்டியிருக்காவ, இந்த லாரி வந்து திரை முழுக்க நின்னுருக்கு. ஓட்டிப் பாத்தாவ. எண்ணு தொண்ணூறுக்குப் போயிட்டு! அன்னையிலேருந்து பத்தொம்பது வருஷமா லாரி நிக்கல்ல. புது மிசினுக்கு டெண்டர் விட்டிருக்காவ. வர இன்னும் பதினாலு மாசம் ஆவுமாம்."

"இப்ப எண்ணு எழுவத்து நாலு காட்டுதுங்களே?"

"நீங்க வந்து பயங்காட்டுதீய. ஏறாம என்ன செய்யும்?"

செங்கோட்டுவேலு நல்ல மனிதன். ஆனால் நல்ல அதிகாரியும்கூட, அதுதான் சங்கடம். தன் கருவியை இயந்திரத்தோடு இணைத்து, அது இத்தனை வருஷமாகக் குறித்து வைத்திருந்ததையெல்லாம் வெளியே இழுத்தான். கித்தேரி மிளகாய்ப் பொட்டலத்தை மெல்ல முந்தானைக்குள் தள்ளினாள். அவன் நிமிர்ந்தபோது முகத்தில் அதிகாரம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

"மேடம், உங்க பதினோரு வருஷமும் இதுல இருக்குதுங்க. மொத வருஷம் சராசரி தொண்ணூத்து ரெண்டு. அஞ்சாவது வருஷம் எழுவது. போன வருஷம் நாப்பத்தி ஒண்ணு." கருவியை அவள் பக்கம் திருப்பினான். "இந்த ரெண்டு மாசமா முப்பத்தஞ்சுல தொங்கிட்டு இருக்குது. ஒரு மணிக்கு ஒருக்கா மட்டும் சட்டுன்னு குதிச்சு ஏறுது. அது என்னன்னுதான் புரியலீங்க."

கித்தேரி முந்தானையை விலக்கிக் காட்டினாள். அவன் மிளகாய்களைப் பார்த்தான். அவளுடைய வீங்கிய உதடுகளைப் பார்த்தான்.

"நீங்க சலிச்சுப் போயிட்டீங்க," என்றான்.

இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டதில்லை. நானூற்றிப் பன்னிரண்டு பேர் மூச்சு விடுவது தன் உற்சாகத்தால், அந்த உற்சாகம் தீர்ந்துவிட்டது என்பதை எந்த வாயால் சொல்வது? அவமானத்தில் முகம் கொதித்தது, கண் நிறைந்தது. கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை, கை மட்டும் லாரியை விடவில்லை. பதினோரு வருஷப் பழக்கம்.

"மத்த ரெண்டு பேரும் என்ன வாழுதாவ?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மத்தியானத்துக்கு வார சூசைக்குச் சலிச்சு நாலு வருஷமாச்சு. அவனுக்குக் கடவாப் பல்லுல வலி. அந்த வலியிலதான் ஓட்டுதான். பல்லைப் பிடுங்க ஊரு விடமாட்டேங்கு. ராத்திரி பிளாரன்ஸ். அவ மாமியா பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்து வையும். எண்ணு எம்பதுக்குக் கொறையாது."

"புதுசா யாரையாச்சும் உக்கார வைக்கலாமில்லீங்க?"

"ஊருல எல்லாரும் உக்காந்து சலிச்சவியதான். புதுசா ஒருத்தர வச்சா ஒரு மாசம் தாங்குது, அப்புறம் கொட்டாவி."

செங்கோட்டுவேலு நெற்றியைத் தேய்த்தான். அவன் பையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. பச்சை குத்தினால் ஊர் இருக்கும். சிவப்பு குத்தினால் மூன்று நாளில் அத்தனை பேரும் மேலே ஏற வேண்டும்.

"எனக்குப் பொய் எழுத வராதுங்க. மிளகாயிலயும் பல்லு வலியிலயும் மாமியாக்காரி வசவுலயும் ஓடற ஊருக்கு நான் எப்படிப் பச்சை குத்தறது? பதினாலு மாசம் மிளகாய் தின்னா உங்க கொடல் என்னத்துக்கு ஆவுமுங்க?"

"சிவப்பு குத்தினா நாங்க எங்க போவோம் சார்? மேல எங்களுக்கு என்ன இருக்கு? என் வீடு, என் தோழமாரு, நான் நட்ட கடல்பாசித் தோட்டம், எல்லாம் இங்கனதான். என் ஒருத்தி கொட்டாவியில ஊரே கலைஞ்சிட்டுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏறுவேன்?"

அவன் ஏதாவது பேச வேண்டுமே என்று சுவரைப் பார்த்தான். அங்கே கொட்டை எழுத்தில் மூன்று விதிகள் எழுதியிருந்தன. மிசினை அணைக்காதே. அடுத்த ஆள் வராமல் எழுந்திருக்காதே. முப்பத்தொன்பதாவது வளைவைத் தாண்டாதே.

"அந்த மூணாவது எதுக்குங்க? மொத்தம் நாப்பது வளைவுதானே?"

"நாப்பதைத் தாண்டினா ஆட்டம் முடிஞ்சிரும். முடிஞ்சா மூடிரும். மூடினா மிசினு ஆளில்லன்னு ஒடனே தூங்கிரும். தொம்மை மாமா கண்டுபிடிச்சது. அந்த அறிவுக்காகத்தான் அவியள ஊர்த் தலைவராக்கினோம்."

"அப்ப நீங்க ஜெயிச்சதே இல்லீங்களா?"

கித்தேரி சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

"முப்பத்தொம்பது வரைக்கும் ஏறுவேன். அப்புறம் நானே ஸ்டியரிங்கை ஒடிச்சுப் பள்ளத்துல கவுத்துருவேன். ஒரு நாளைக்கு ஒம்பது தடவ. இதுவரைக்கும் முப்பதாயிரம் தடவ இருக்கும். மொதல்ல அழுகையா வந்துச்சு சார். அப்புறம் கோவம் வந்துச்சு. இப்ப ஒண்ணும் வரல்ல."

செங்கோட்டுவேலு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முத்திரை குத்தாமல் இருக்க அதுவும் ஒரு வழி. லாரி இருபத்தெட்டாவது வளைவில் இருந்தது. எதிரே ஒரு பஸ் சரிவில் கண்மண் தெரியாமல் இறங்கி வந்தது.

"அட கெரகமே, ஏறற வண்டிக்குத்தானுங்க எறங்கறவன் வழி விடோணும்! ஆரன் அடிங்க!"

"ஆரனா?" கித்தேரிக்கு அப்படி ஒரு பொத்தான் இருப்பது தெரியும். பதினோரு வருஷத்தில் அடித்ததில்லை. அடித்தாள். லாரி பேம் பேம் என்று பிளிறியது. பஸ் மிரண்டு ஒதுங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"எங்கப்பாரு கொல்லிமலைக்கு லாரி ஓட்டினவருங்க. எழுவது வளைவு. நான் பக்கத்துல உக்காந்து வாந்தி எடுத்துட்டே போவேன். கியரைக் கொறைங்க அக்கா, இப்படி இழுத்தா வண்டி தாங்காது. ஆங், அப்படித்தான்! உள்பக்கம் ஒட்டாதீங்க, வீச்சா எடுங்க!"

மேடம் அக்காவானது இருவருக்குமே தெரியவில்லை. முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்தைந்து. அவன் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்போடு சாய்ந்தான். இப்படி ஒரு பைத்தியக்காரனை அவள் பார்த்ததில்லை. எண் ஐம்பதைத் தாண்டியது, அறுபத்தைந்தைத் தாண்டியது. மிளகாய் தொடாமல்!

முப்பத்தொன்பதாவது வளைவு வந்தது. பள்ளம் இடது பக்கம் வாயைத் திறந்து காத்திருந்தது. கித்தேரியின் கை பழக்கத்தில் இடதுபுறம் போனது. செங்கோட்டுவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

எப்படியும் இன்றைக்குச் சாயந்திரம் சிவப்பு முத்திரை விழத்தான் போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. எப்படியும் ஊர் போகத்தான் போகிறது. அப்படியென்றால் இந்த முட்டைகளை நான் எதற்கு உடைக்க வேண்டும்? முப்பதாயிரம் தடவை அடங்கிக் கிடந்த கோபம் வயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தாள். லாரி குலுங்கித் திரும்பி, யாரும் பார்த்திராத நாற்பதாவது சாலையில் ஏறியது.

எண் தொண்ணூற்றைந்தில் போய் நின்றது.

வெளியே சந்துகளில் ஊர் அதைப் பார்த்தது. தொண்ணூற்றைந்தா! பத்து வருஷமாகப் பார்க்காத எண். கடல்பாசி கழுவிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். "கித்தேரி ஃபார்முக்கு வந்துட்டால்லா!" என்று யாரோ விசில் அடித்தார்கள். இத்தனை நல்ல எண்ணுக்குக் காரணம் என்ன என்று அறைக்குள் எட்டிப் பார்த்தவன் சூசை. வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் போட்ட கூச்சல் பத்துச் சந்துக்கும் கேட்டது.

"எய்யா, ஓடியாங்க! அவ நாப்பதுல போய்க்கிட்டிருக்கா!"

அவ்வளவுதான். இரண்டே நிமிஷத்தில் ஊர் முழுக்க வாசலில் நின்றது. ஆள் ஆளுக்குக் கத்தினார்கள். கித்தேரி கைபிரேக்கை இழுத்து லாரியை நடுச்சாலையில் நிறுத்தினாள். நிறுத்தியும் எண் இறங்கவில்லை, பயத்தில் நூறைத் தொட்டது.

"கவுத்துருட்டி! பள்ளத்துல தள்ளு!" என்றாள் பிளாரன்ஸ்.

"தள்ள மாட்டேன்," என்றாள் கித்தேரி. "எனக்குச் சலிச்சுப் போச்சு. கேட்டுக்கிடுங்க எல்லாரும். ரெண்டு மாசமா பச்சை மிளகாய் தின்னுதான் ஒங்களுக்குக் காத்து விட்டுக்கிட்டிருக்கேன். இந்தத் தம்பி அதைக் கண்டுபிடிச்சாச்சு, இனிச் சிவப்பு முத்திரைதான். மூணு நாள்ல எல்லாரும் மேல ஏறணும். போறதுக்கு முன்னால ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் இந்த முட்டையக் கொண்டு சேக்கணும்."

கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் அவளைத் தூக்கி எறிந்துவிட்டு லாரியைக் கவிழ்க்கப் பாய்ந்தார்கள். செங்கோட்டுவேலு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். ஒல்லி ஆள், எத்தனை பேரைத் தடுப்பான்? ஒருவன் கித்தேரியின் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து இழுத்தான். அவள் கை கைப்பிடியை விட்டு நழுவியது. எண் சடசடவென்று இறங்கியது.

"விடுங்கல அவளை! விடுங்கலேய்!"

தொம்மை. எழுபத்தொரு வயது, குள்ளம், முங்கி முங்கி அகன்ற மார்பு. ஓடி வந்ததில் இளைத்தது. ஊரே அவருக்கு வழி விட்டது.

"அவ மேல கை வைக்காதீயல! அவ எந்திரிச்சாத்தான் மிசினு தூங்கும். அந்த வளைவெல்லாம் ஒண்ணும் பண்ணாது. அது பொய்யில. நான் சொன்ன பொய்!"

கித்தேரியின் தோளிலிருந்து கை விலகியது. அவள் கைப்பிடியைப் பற்றினாள், எண் ஏறியது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தொம்மை சுவரில் சாய்ந்துகொண்டார். "நான் முப்பத்தொம்பது ஏறினேன். ஒவ்வொரு தடவ லாரி கவுந்தாலும் திரையில 'முதலிடம் தொம்மை'ன்னு வருமில்லா. என் பேரு எங்கயும் மொதல்ல வந்ததில்லல. பள்ளிக்கூடத்துலயும் இல்ல, ஒரு பந்தயத்துலயும் இல்ல. எம் மச்சான் சிலுவை முப்பத்தெட்டு வரைக்கும் வந்துட்டான். எங்க அவன் பேரு வந்துருமோன்னு பயந்து, அதுக்கு மேல போனா மிசினு தூங்கிரும்னு அவங்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். மறுநா பாத்தா செவுத்துல பெயிண்டு அடிச்சு எழுதிட்டீய. மறு வாரம் மாலை போட்டுத் தலைவராக்கிட்டீய. அதுக்கு மேல நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

கித்தேரி திரும்பிப் பார்க்கவில்லை. "முப்பதாயிரம் தடவ, மாமா," என்றாள். தொம்மை வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அப்ப போனா ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று செங்கோட்டுவேலு கேட்டான்.

"எனக்கு எப்பிடிய்யா தெரியும்? நான்தான் போனதே இல்லியே!"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பிளாரன்ஸின் மாமியார். அந்த அம்மாள் சிரித்து ஊர் பார்த்ததில்லை. அது சூசைக்குத் தொற்றியது, பல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் வாசல், சந்து, எல்லாம் சிரித்தது. பத்தொன்பது வருஷம் ஒரு ஊரே ஒரு மனுஷனின் பெயருக்குப் பயந்து லாரியைக் கவிழ்த்திருக்கிறதே! கண்ணைத் துடைத்துக்கொண்டு சூசைதான் முதலில் சொன்னான்.

"எப்பிடியும் சிவப்பு மை விழத்தான் போவுது. போக்கா. போயிப் பாத்துரு."

"முகமூடியப் போட்டுக்கிடுங்க எல்லாரும்," என்றாள் கித்தேரி. இதுதான் அந்த ஊருக்கு அவள் இட்ட முதல் கட்டளை. அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். தொம்மை செங்கோட்டுவேலுவுக்கு ஒன்றை மாட்டிவிட்டார்.

கைபிரேக்கை எடுத்தாள். லாரி உறுமியது. நாற்பதாவது வளைவு அவ்வளவு ஒன்றும் பெரியது இல்லை, பத்தாவது வளைவைவிடச் சுலபம். திருப்பம் முடிந்ததும் மலை உச்சியில் ஒரு சந்தை, தோரணம், கோழிகளின் வரிசை. இத்தனை காலமும் திட்டிய கோழி ஓடி வந்து லாரிக்கு மாலை போட்டது. 'முதலிடம் கித்தேரி' என்று ஒரு எழுத்து வந்தது. அதை அவள் முழுசாகப் படிப்பதற்குள் ஆட்டம் மூடிக்கொண்டது.

திரை வெறும் நீலம். நானூற்றிப் பதின்மூன்று முகமூடிகள் மூச்சை நிறுத்திக் கேட்டன. சுவருக்குப் பின்னால் காற்று இயந்திரம் எப்போதும் போல உம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே இருந்தது.

லாரி மறைத்துக்கொண்டிருந்த திரையைப் பத்தொன்பது வருஷம் கழித்து மனிதக் கண் பார்த்தது. நீலத்தில் இரண்டே இரண்டு படங்கள். செங்கோட்டுவேலு முகமூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து முதல் படத்தின் கீழே இருந்ததை வாசித்தான். ஒரு தடவை வாசித்தது போதாமல் மறுபடி வாசித்தான்.

"கவனக் கண்காணிப்பை நிறுத்த," என்றான். "இங்க தொடவும்."

"என்னது?"

"அக்கா, இதைத் தொட்டா மிசினு யாரையும் பாக்காதாம். யாரும் உக்கார வேண்டாம். தூங்கவே தூங்காதாம்."

கித்தேரி தொட்டாள். உறுதியா என்று கேட்டது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை, பாவி! ஆம் என்றாள். திரையின் மேல் ஓரத்தில் இருந்த எண் அழிந்தது. பத்துச் சந்துகளிலும் பலகைகள் அணைந்தன. இயந்திரம் உம்மென்று ஓடியது.

ஆரவாரம் செய்யக்கூட யாருக்கும் தோன்றவில்லை. "அப்ப நான் பல்லைப் பிடுங்கிக்கிடலாமா?" என்று சூசை மெல்லக் கேட்டான். அதற்கப்புறம்தான் கூட்டம் வெடித்தது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்தார்கள், முகமூடிகளை மேலே எறிந்தார்கள், ஒன்று விழுந்து செங்கோட்டுவேலுவின் தலையைப் பதம் பார்த்தது. அவன் தலையைத் தேய்த்துக்கொண்டே பச்சை முத்திரையை எடுத்துத் தாளில் ஓங்கிக் குத்தினான்.

கித்தேரி நாற்காலியை விட்டு எழுந்தாள். அடுத்த ஆள் யாரும் உட்காரவில்லை. பார்த்தவர்களுக்கு ஒரு கணம் உடம்பு தூக்கிப் போட்டது. ஒன்றும் ஆகவில்லை. அறையை ஒரு சுற்று நடந்தாள், கையை உதறினாள், தொம்மையின் முன்னால் போய் நின்றாள். என்னென்னவோ கேட்க நினைத்தவள் அந்த அழுத முகத்தைப் பார்த்ததும், "ஒங்க பேரு ரெண்டாவது வந்துட்டு மாமா. ரெண்டாவதும் நல்ல எடந்தான்," என்றாள். இன்றைக்கு அதற்கு மேல் மன்னிக்க அவளால் முடியவில்லை. அவருக்கும் அது தெரிந்தது.

"ஏனுங்க அக்கா," என்றான் திரையருகே நின்ற செங்கோட்டுவேலு. "அந்த இன்னொரு படத்தைப் பாத்தீங்களா?"

தொட்டார்கள். 'விளையாட்டுகள்' என்று ஒரு பெட்டி திறந்தது. வரிசை வரிசையாகப் படங்கள். அவன் எண்ணினான். முப்பத்தாறு. முட்டை லாரி அதில் ஒன்று, அவ்வளவுதான். மீதி முப்பத்தைந்தை இந்த ஊரில் ஒரு ஜீவனும் திறந்து பார்த்ததில்லை. ஊர் முண்டியடித்தது. நான் நீ என்று தள்ளுமுள்ளு. சூசை வீங்கிய கன்னத்தோடு முதல் ஆளாக நாற்காலியைப் பிடிக்கப் போனான்.

"தள்ளுல அங்கிட்டு," என்றாள் கித்தேரி. வேலை இல்லை, கட்டாயம் இல்லை, எந்தப் பலகையிலும் எண் இல்லை. தானாகப் போய் உட்கார்ந்தாள்.

முதல் படத்தைத் தொட்டாள். ஒரு ஆள் தலையில் ஏழு பானையை அடுக்கிக்கொண்டு கயிற்றின் மேல் நடக்க வேண்டும். எந்தப் பொத்தானுக்கு எந்தக் கால் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆள் இடது பக்கம் சாய்ந்தான். நிமிர்த்தினாள், வலது பக்கம் சாய்ந்தான். "ஐயோ, ஐயோ, பிடி!" என்று அவளே கத்தினாள். நாற்பது விநாடிகூட ஆகவில்லை, ஏழு பானையும் சிதறி, ஆளும் தலைகுப்புற விழுந்தான்.

கித்தேரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, வேண்டுமென்று இல்லாமல், ஜெயிக்கப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள். பின்னால் ஊர் வரிசையில் நின்று, சீக்கிரம் எந்திரி, சீக்கிரம் எந்திரி என்று முதுகில் இடித்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவ," என்றாள்.